அடுப்புக் குழியில் ஒரு பார்லி

என் கொழுந்தியாளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று அவளே கேட்பாள். மந்திரியா, நடிகையா? கரி பொறுக்குகிறவள். ஆனால் இந்த வருஷம் என் மகளுக்குக் குழந்தை பிறந்த நேரத்தில் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பேத்தி வந்த சந்தோஷத்தில் நான் தரையில் கால் படாமல் திரிந்துகொண்டிருந்தேன். அதே வீட்டில் அவள் திருடிவிட்டு வந்தவள் மாதிரி சுவரோரமாகவே நடமாடிக்கொண்டிருந்தாள்.

என் வீட்டுக்காரிக்கு நேர் இளையவள் அவள். எங்களுக்குச் சின்னவள். அவளைக் கட்டிக்கொண்டவன் கொஞ்ச காலம் ஒழுங்காக இருந்தான். பிறகு வேலை தேடிப் போகிறேன் என்று கிளம்பியவன், வேலையோடு சேர்த்து இன்னொரு வீட்டையும் தேடிக்கொண்டான். இவள் ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அழுதாளா என்று கேட்டால், நான் பார்க்கவில்லை. வந்த அன்றைக்கே என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்போது அது தத்தித் தத்தி நடக்கும் குழந்தை. என் மகள் வாயில் 'சித்தி' என்கிற சொல்தான் முதலில் வந்தது, 'அம்மா' அப்புறம்தான். என் வீட்டுக்காரிக்கு அதில் இன்றைக்கும் கொஞ்சம் பொறாமை உண்டு.

சின்னவள் ஒரு பருப்பு மில்லில் வேலை பார்த்தாள். தகரம் அடித்த நீள மேசையில் பருப்பு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து கல்லையும் சொத்தையையும் எடுப்பார்கள். அந்த மில் மேஸ்திரி இவளுக்கு வைத்த பெயர் கழுகு. பொருத்தமான பெயர்தான். வீட்டிலும் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, "மாமா, உங்க காலர்ல எறும்பு ஏறுது பாருங்க" என்பாள். எனக்குச் சட்டையைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பிறகு மில்லுக்கு ஒரு மிஷின் வந்தது. காற்றை ஊதிக் கல்லைத் தனியாகத் தள்ளும். கழுகும் மற்ற பெண்களும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் வெல்டிங் பட்டறைக்கு ஒரு பெண் வந்தாள். என் மகள் வயது இருக்கும். மூக்குக் கண்ணாடியில் தூசி, செருப்பில் மண், கையில் ஒரு படம். ஒரு பெரிய டிரம், உள்ளே ஒரு வலை, அடியிலிருந்து தண்ணீர் ஏறுவதற்கு ஒரு பைப், விளிம்பில் வழிந்து போக ஒரு மூக்கு.

"மீன் வளர்க்கப் போறீங்களா, மேடம்?"

"இல்லைங்க. மண்ணு கழுவ."

"மண்ணைக் கழுவினா என்ன மிஞ்சும்?"

"அதைத்தான் பாக்கணும்" என்று சிரித்தாள்.

ஊருக்கு வெளியே ஒரு மேட்டைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். எழுத்து வருவதற்கு வெகு காலம் முன்னால் மனிதர்கள் இருந்த இடமாம். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்ப்பதுதான் இந்தப் பெண்ணின் படிப்பு.

"அதான் சாப்பிட்டுட்டாங்களே மேடம், அப்புறம் எப்படி இருக்கும்?"

"சாப்பிட்டது போயிடும். அடி பிடிச்சது இருக்கும்."

எனக்குப் புரிய வைத்தாள். பச்சையாகக் கிடக்கும் தானியம் மண்ணில் மக்கிவிடும். அடுப்பில் தவறி விழுந்து கருகிய தானியத்தைப் புழுவும் தின்னாது, ஈரமும் அரிக்காது. அது எத்தனை ஆயிரம் வருஷமானாலும் அப்படியே கிடக்கும். அந்தக் காலத்து அடுப்புக் குழியில் உள்ள மண்ணை அள்ளித் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால், கரி மேலே மிதந்து மூக்கு வழியாக மெல்லிய துணியில் வந்து விழும். துணியைக் கட்டி, எந்தக் குழி என்று சீட்டு மாட்டி, நிழலில் தொங்கவிட வேண்டும். காய்ந்த பிறகு வெள்ளைத் தட்டில் கொட்டி, லென்ஸ் வைத்து, இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டும். விதை ஒரு பக்கம், கிழங்குத் துண்டு ஒரு பக்கம், வெறும் விறகு ஒரு பக்கம்.

"இதுக்குக் கை நிதானமும் கண்ணும் உள்ள ஆள் வேணும். கிடைக்க மாட்டேங்குறாங்க" என்றாள்.

"எங்க வீட்டுலயே ஒரு கழுகு சும்மா உக்காந்திருக்கு, மேடம்."

இப்படித்தான் சின்னவள் அந்த வேலைக்குப் போனாள். மேடம் அவளை 'அக்கா' என்பாள். இவள் வயதில் பெரியவளாக இருந்தும் அவளை 'மேடம்' என்பாள். ஒருத்தி மேல் ஒருத்திக்கு அப்படி ஒரு பிரியம்.

வீட்டில் எங்களுக்கு இதனால் தினமும் வேடிக்கை.

"ஏண்டி, நம்ம வீட்டுச் சட்டியைச் சுரண்டச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவ. அங்க போயி எவளோ சுரண்டாம விட்ட கரிக்குக் காவல் காக்குறியா?" என்பாள் என் வீட்டுக்காரி.

"உன் கரியையும் பத்திரமா வை, அக்கா. பின்னால வர்றவங்க பாத்துட்டு, இந்த வீட்டுக்காரி ஒரு நாள்கூட தீய விடாம சமைக்கலைன்னு எழுதுவாங்க."

ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், "அரைக்கிற கல்லு கெடைச்சா அதைக் கழுவ மாட்டாங்க மாமா. அதோட சொரசொரப்புல மாவு ஒட்டியிருக்குமாம். செத்தவங்க எலும்பு கெடைச்சா பல்லுல படிஞ்ச அழுக்கைச் சுரண்டி, அதுல என்ன தின்னாங்கன்னு பாப்பாங்க." நான் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் போய்ப் பல் தேய்த்துவிட்டு வந்தேன்.

அவர்கள் வேலை செய்யும் அறையை நான் பார்த்திருக்கிறேன். தகரக் கூரை போட்ட சின்ன அறை. ஜன்னலோரம் ஒரு மேசை. உள் சுவரோரம் இன்னொரு மேசை. ஜன்னல் மேசையில் பழங்காலத்துக் கரி மட்டும்தான் இருக்க வேண்டும். சுவர் மேசையில் இன்றைக்கு விளைந்த பார்லி, கோதுமை, பயறு, புல் விதை எல்லாவற்றையும் மணலில் புதைத்து, மூடிச் சூடாக்கி, வேண்டுமென்றே கருக்கி, சின்னச் சின்னத் தகர டப்பாக்களில் வைத்திருந்தார்கள். பழைய கரியில் ஏதாவது விதை கிடைத்தால், அது என்ன விதை என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் அல்லவா? அதற்காக. பழைய கரியையும் இந்தப் புதுக் கரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், கழுகுக்கும் வித்தியாசம் தெரியாது.

அதனால் மேடம் ஒரு சட்டம் போட்டிருந்தாள். "அந்த மேசைல இருக்குறது இந்த மேசைக்கு வரவே கூடாது, அக்கா. ஒப்பிட்டுப் பாக்கணும்னா என்னைக் கூப்பிடுங்க, நான் போட்டோ எடுத்துப் பாத்துக்கறேன். தும்மல் வந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க." சாப்பாட்டுப் பை அறைக்குள் வரக் கூடாது. பாக்கெட்டை வெளியே உதறிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சின்னவள் இதையெல்லாம் சாமி காரியம் மாதிரி கடைப்பிடித்தாள்.

தோண்டிக்கொண்டே போய், எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு அடுப்புக் குழி கிடைத்தது. அந்த மேட்டிலேயே ரொம்பப் பழைய அடுப்பு. அதில் காட்டுப் புல் விதை, கொட்டை ஓடு, கிழங்குத் துண்டு இவைதான் வந்துகொண்டிருந்தன. அந்தச் சனங்கள் பொறுக்கித் தின்றவர்கள், விதைத்துத் தின்றவர்கள் அல்ல என்றுதான் எல்லோரும் சொல்லி வந்தார்கள். பார்லி மேலே உள்ள மண்ணில்தான் வரும். அது வெகு காலம் பின்னால். அடி அடுப்பில் ஒரே ஒரு பார்லி கிடைத்தாலும் இந்தப் பக்கத்துக் கதையே மாறிவிடும் என்று மேடம் சொல்வாளாம். அவளுடைய படிப்பு முடியும் நேரம் அது. புதிதாக ஒன்றும் இல்லையே என்று அவளுடைய பெரியவர், அவளுக்கு வழிகாட்டும் பேராசிரியர், முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார்.

இனி, பேத்தி பிறந்த அன்று நடந்தது. எனக்கு இது பிறகுதான் தெரியும். ஆனால் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அன்று சின்னவள் ஜன்னல் மேசையில் அந்த அடி அடுப்புத் தட்டைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மேடம் வெளியே, தோண்டுகிற குழிக்குள் இருந்தாள். தட்டில் ஒரு உடைந்த துண்டு இவள் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் உப்பல், மறுபக்கம் நடுவில் ஒரு கீறல். பார்லியில் பாதி மாதிரி இருந்தது. வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்திருந்தால் மேடம் ஓடி வந்திருப்பாள். இவளுக்கு ஒரு ஆசை. 'மேடம், பார்லி கெடைச்சிருக்கு' என்று தானே உறுதியாகச் சொல்ல வேண்டும் என்று. தப்பாகச் சொல்லி அசடு வழியக் கூடாது. சுவர் மேசைக்குப் போய், பார்லி டப்பாவை எடுத்து வந்து, தட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் திறந்தாள்.

அந்த நேரம் பார்த்து நான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தேன்.

"பொண்ணு! சின்னவளே, பொண்ணு பொறந்திருக்கா! அப்படியே உன் மூக்கு!"

அவள் துள்ளி எழுந்தாள். கை டப்பாவில் பட்டது. டப்பா தட்டில் கவிழ்ந்தது. கரியின் மேல் கரி.

நான் இந்தப் பக்கம் குழந்தையின் எடை, தலைமுடி, அது கொட்டாவி விட்ட அழகு என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவள் அந்தப் பக்கம் "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டே இடுக்கியால் பார்லியை எடுத்து எடுத்து டப்பாவில் போட்டாளாம். கண்ணெல்லாம் தண்ணீர், சந்தோஷத்தில். முழு மணிகளை எடுப்பது சுலபம். டப்பாவிலேயே உடைந்ததும் நிறைய இருந்தது. முதலில் அவள் பார்த்த அந்தப் பாதித் துண்டு எது, டப்பாவிலிருந்து விழுந்த பாதி எது? தெரியவில்லை. பார்லி மாதிரி கண்ணில் பட்டதையெல்லாம் டப்பாவில் போட்டாள். டப்பாவைச் சுவர் மேசையில் வைத்தாள். தட்டில் இருந்ததைக் குப்பியில் அடைத்துச் சீட்டு ஒட்டினாள். ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்துவிட்டாள்.

வந்து என் பேத்தியை வாங்கினாள் பாருங்கள், அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். "ஏ கறுப்பு வெரலோட புள்ளையத் தொடாத" என்று என் வீட்டுக்காரி கத்துகிறாள், இவள் காதில் விழவே இல்லை.

இரண்டொரு நாள் கழித்து மேடம் அந்தக் குப்பியைக் கொட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறாள். ஒரு கரிக்கட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு பார்லி மணியில் பாதி.

அவள் கத்திய கத்தலில் குழிக்குள் இருந்தவர்கள் பாம்பு கடித்துவிட்டது என்று ஓடி வந்தார்களாம். அன்றைக்கே போய்க் கேக் வாங்கி வந்தாள். எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து, "இந்தத் தட்டைப் பிரிச்சது யாரு? எங்க அக்கா!" என்று சொல்லி முதல் துண்டைச் சின்னவள் வாயில் ஊட்டினாள். எல்லோரும் கைதட்டினார்கள். இவள் அந்தக் கேக்கை மென்றுகொண்டே நின்றாள்.

'நான் மொதல்ல பாத்ததாவே இருக்கலாம் இல்ல?' இதுதான் அவள் பிடித்துக்கொண்ட கிளை. இருக்கலாம்தான். உண்மையிலேயே அது அடி அடுப்பின் பார்லியாக இருக்கலாம். டப்பாவிலிருந்து விழுந்ததாகவும் இருக்கலாம். பழசு புதுசோடு போய்விட்டதா, புதுசு பழசோடு தங்கிவிட்டதா என்று அவளுக்கே தெரியாது. நாளைக்குச் சொல்லலாம் என்று வந்தாள். மறுநாள் மேடம் தன் அம்மாவிடம் போனில் சந்தோஷத்தில் அழுதுகொண்டே விஷயத்தைச் சொல்வதைக் கேட்டாள். எப்படிச் சொல்வது?

வீட்டில் நாங்கள் குழந்தையைச் சுற்றியே கிடந்தோம். நான் பட்டறையைப் பாதி நேரம் மூடியே வைத்திருந்தேன். ஒரு குழந்தை விக்கினால் மூன்று பேர் ஓடுகிற வீடு. சின்னவள் மட்டும் வேலை விட்டு வந்ததும் கை கழுவுவாள். கழுவிக்கொண்டே இருப்பாள். பிறகு தள்ளி நின்று எட்டிப் பார்ப்பாள். தூக்க மாட்டாள்.

"என்னடி, கழுகுக்குக் குஞ்சு பிடிக்கலையா?" என்றாள் என் வீட்டுக்காரி.

"கையெல்லாம் கரி, அக்கா."

கை வெள்ளை வெளேரென்று தோல் சுருங்கியிருந்தது.

என் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "சித்தி, என் மேல ஏதாவது கோவமா?"

"உன் மேல எனக்கு என்னடா கோவம்?" என்று சொல்லிவிட்டு இவள் கொடியில் காய்கிற துணியை எடுக்கப் போய்விட்டாள். துணி காயவே இல்லை.

மறுநாள் மதியம் பட்டறைக்கு வந்து, நான் ஒரு கேட்டுக்குக் கம்பி பற்றவைத்துக்கொண்டிருக்கும்போது, கருவி அணையும் வரை நின்றிருந்து, எல்லாவற்றையும் சொன்னாள்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "விடு. யாருக்குத் தெரியப் போகுது? நல்ல நேரத்துல எதுக்கு வம்பு?" எனக்கு அப்போது உலகத்தில் எல்லாமே நன்றாக இருக்க வேண்டும் என்று இருந்தது.

அவள் அந்தக் கேட்டைப் பார்த்தாள். "இதுல ஒரு இடம் பத்தவைக்காம விட்டுப்போச்சுன்னா, மேல பெயிண்டை அடிச்சு அனுப்பிடுவீங்களா, மாமா?"

"அது எப்படி? விழுந்தா ஆள் மேல விழும்."

"இது விழுந்தா அந்தப் பொண்ணு மேல விழும்."

"அப்போ போய்ச் சொல்லிடு."

"சொன்னா அதோட வாயில இருந்து புடுங்குற மாதிரி இருக்கு. நீங்க அது சிரிக்கிறதைப் பாக்கலை."

அழவில்லை. தரையில் கிடந்த இரும்புத் தூளைச் செருப்பு நுனியால் ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கும் சொல்லவில்லை.

ஒரு பெரிய கூட்டம் வரப்போவதாகவும், பல ஊர்களிலிருந்து ஆய்வுக்காரர்கள் வருவதாகவும், மேடம் அதில் பேசப் போவதாகவும் பேச்சாக இருந்தது. பேசும்போது காட்டுவதற்குச் செய்திருந்த படங்களை அவள் கம்ப்யூட்டரில் இவளுக்குக் காட்டினாள். திரை முழுக்க அந்தப் பாதி பார்லி, பாறாங்கல் மாதிரி. கடைசிப் படத்தில் நன்றி என்று போட்டு இவள் பெயர்.

"முழுப் பேரும் போட்டிருக்கேன் அக்கா. எழுத்து சரியான்னு பாருங்க."

அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாள். விடிந்ததும் என்னிடம் வந்து, "மாமா, வண்டிய எடுங்க. தனியா போனா நான் வழியிலயே திரும்பி வந்துடுவேன்" என்றாள்.

நான் அந்தத் தகரக் கூரை அறையின் வாசலில் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

சின்னவள் சுற்றி வளைக்கவில்லை. டப்பாவைக் கொண்டு வந்ததையும், தட்டிவிட்டதையும், பொறுக்கிப் போட்டதையும் ஒரே மூச்சில் சொன்னாள். மேடம் கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைக்கவே இல்லை.

"எப்போ?"

"எங்க பாப்பா பொறந்த அன்னைக்கு."

"அப்போ நான் கேக் வாங்கிட்டு வந்தப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"சாப்பிட்டீங்களே, அக்கா."

நான் காலை மாற்றி வைத்தேன், சரளைக்கல் நறநறத்தது.

மேடம் எழுந்து சுவர் மேசைக்குப் போய்ப் பார்லி டப்பாவைத் தட்டில் கொட்டினாள். முதலில் இவள் பார்த்த அந்தப் பாதி அதில் இருக்குமோ என்று ஒவ்வொரு உடைந்த துண்டாகப் புரட்டினாள். எல்லாம் ஒன்று போல இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"அன்னைக்கே சொல்லியிருந்தா கோவப்பட்டிருப்பேன். கத்தியிருப்பேன். ஒரு தட்டைத் தனியா தள்ளி வச்சிட்டு மத்ததைப் பாத்திருப்பேன், அவ்வளவுதான். இப்போ சார்கிட்ட சொல்லிட்டேன். அவர் நாலு பேர்கிட்ட சொல்லிட்டாரு." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "எனக்குக் கேக்கவே பிடிக்கலை, இருந்தாலும் கேக்குறேன். மொதல்ல பாத்தது பார்லிதானா? சத்தியமா?"

"சத்தியம்னா பண்ண முடியாது, மேடம். பார்லி மாதிரி இருந்துச்சு. அதனாலதான் டப்பாவை எடுத்தேன்."

"ஒரே வழிதான் இருக்கு. அந்தத் துண்டையே அனுப்பி வயசு பாக்கணும். அதை எரிச்சுத்தான் பாப்பாங்க. அதோட அது இருக்காது."

"அனுப்புங்க மேடம்."

"நீங்க சொல்லி அனுப்பணும்னு இல்லை" என்றாள் மேடம். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வெட்டுப் பேச்சை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிறகு, "ஜன்னல் மேசை இனிமே வேணாம், அக்கா. டிரம் பக்கம் இருங்க" என்றாள்.

வேலையை விட்டு நிறுத்தாததே பெரிது என்று நான் வண்டியில் சொன்னேன். "நிறுத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள் சின்னவள். அன்று சாயங்காலம் என் மகள் குளிக்கப் போகும்போது, யாரும் சொல்லாமல், குழந்தையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் விரலை வாயில் வைத்துச் சப்பியது. என் வீட்டுக்காரி எதையோ சொல்ல வாய் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். பேத்தியின் உள்ளங்காலைப் பார்த்தீர்களானால், ரோஜா நிறம்.

கூட்டத்தில் மேடம் பார்லியை விட்டுவிட்டுப் பேசினாள். புல் விதை, கொட்டை ஓடு, கிழங்கு. அந்தப் பேராசிரியர் எல்லோர் முன்னாலும் ஒன்றும் சொல்லவில்லையாம், தனியாகக் கூப்பிட்டு நிறையச் சொன்னாராம். உதவிக்கு வைத்த ஆளைக் கவனிக்கத் தெரியாதவள் எதைக் கண்டுபிடித்தால் யார் நம்புவார்கள் என்றாராம். இதையெல்லாம் மேடம் சொல்லவில்லை. குழியில் வேலை செய்பவர்கள் சொல்லிச் சின்னவள் காதுக்கு வந்தது. அவள் டிரம்மில் மண் கொட்டிக் கலக்கிக்கொண்டே கேட்டாள். வெயிலில் நின்று கலக்குகிற வேலை. தோள் வலிக்கும். வீட்டில் தைலம் தேய்த்துக்கொள்வாள், வலிக்கிறது என்று மட்டும் சொல்ல மாட்டாள். மேடம் முன்பு போல அக்கா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு இவள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

வயது பார்க்கப் போன துண்டுக்குப் பதில் வர மாசக்கணக்கானது. அதற்குள் என் பேத்தி குப்புற விழக் கற்றுக்கொண்டாள், விழுந்துவிட்டு யாரோ தள்ளிவிட்ட மாதிரி எங்களை முறைப்பாள். சின்னவள் இரண்டையும் வேண்டிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். பழசு என்று வந்தால் மேடம் பிழைத்தாள். புதுசு என்று வந்தால், சொன்னது சரி என்றாவது ஆகும்.

டிரம்மின் மூக்கு ஒழுகுகிறது என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் போய்ப் பற்றவைத்துக்கொண்டிருந்தபோது மேடம் அறையிலிருந்து வந்தாள். சின்னவள் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"பதில் வந்துடுச்சு, அக்கா."

சின்னவள் துணியைப் பிடித்தபடி நிமிர்ந்தாள்.

"எரிக்கறதுக்கு முன்னாடி மருந்து போட்டுக் கழுவுவாங்க. மண்ணோட அழுக்கு போறதுக்கு. அதுலயே கரைஞ்சு போச்சாம். வயசு பாக்குற அளவுக்கு ஒண்ணும் மிஞ்சலையாம்."

"அப்போ?"

"அப்போ ஒண்ணுமில்லை. இருந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. நான் எழுதுறப்போ அதை விட்டுட்டுத்தான் எழுதணும்." மேடம் டிரம் விளிம்பில் கை வைத்துக்கொண்டாள். "சொன்னதுக்கு உங்களுக்கு நன்றின்னு சொல்லணும். நெனைச்சுக்கிட்டேதான் இருக்கேன். இன்னும் வரமாட்டேங்குது."

"வேணாம் மேடம்."

"வரும். கொஞ்சம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

நான் கருவியை அணைத்தேன். சின்னவள் துணியைக் கொடியில் போட்டுச் சீட்டை மாட்டினாள். பிறகு கவிழ்த்துப் போட்ட வாளி மேல் வந்து உட்கார்ந்தாள்.

"முடிஞ்சுது விடு" என்றேன்.

"என்ன முடிஞ்சுது, மாமா? மேடத்துக்காவது இன்னொரு குழி கெடைக்கும். கோவம் ஆறும். அந்த அடுப்புல பொங்கின பொம்பளைய நெனைச்சுப் பாத்தீங்களா?"

"எந்தப் பொம்பளை?"

"யாரோ ஒருத்தி. அவ மெய்யாவே வெதைச்சிருந்தா? மண்ணைக் கெளறி, வெதையப் போட்டு, காக்காயை வெரட்டி, அறுத்துக் கொண்டாந்து வறுத்திருந்தா? அதுல ஒண்ணு தவறி நெருப்புல விழுந்திருந்தா? அவ வெதைச்சதுக்கு இருந்த ஒரே சாட்சி அதுதானே. நான் சும்மா இருந்திருந்தா அவ வெதைச்சவ. இப்போ அவ காட்டுல பொறுக்கித் தின்னவ. எழுதி வச்சுடுவாங்க. அவ வந்து, இல்லை நான் வெதைச்சேன்னு சொல்லவா போறா?"

"ஒருவேளை அவ வெதைக்கலைன்னா?"

"வெதைக்கலைன்னா பரவாயில்லை. அது எனக்குத் தெரியாதே" என்றாள் சின்னவள். "எனக்குத் தெரியவே போறதில்லையே, மாமா."

டிரம் மூக்கில் இன்னும் ஒரு பக்கம் பற்றவைக்க வேண்டியிருந்தது. நான் கருவியை எடுக்கவில்லை. பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்து, அடுத்த மூட்டை மண்ணைப் பிரித்து, சீட்டில் எந்தக் குழி என்று வாய்விட்டுப் படித்து, டிரம்மில் கொட்டினாள்.